நீலக்கரை மங்கில் வந்த மீன்

இருளாயிக்கு வயிறு எரிந்தால், எதிர் வீட்டில் இருக்கும் எனக்குத் தேங்காய் உடைக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். சாதாரண நாளில் ஒரே போடுதான், மூடி இரண்டாகிவிடும். மனசு கொதிக்கிற நாளில் கத்தியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அந்தத் தேங்காயை அவள் படுத்துகிற பாட்டைக் கேட்டால், குனோங் ராபாட் மலையில் வெடி வைக்கிறார்களோ என்று புதிதாக வந்தவர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள்.

அவளைப் பொறாமைக்காரி என்று எங்கள் வரிசையில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அவள் முகத்துக்கு நேராகவே. ஆனால் ஒன்று. யார் வீட்டில் புது டிவி வந்தது, யார் மகள் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி வேலைக்கு, நர்ஸாக, போகிறாள் என்பதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அவளுடைய பொறாமை முழுக்க ஒரே ஒரு ஆளைச் சுற்றித்தான். அந்த ஆள் அவள் புருஷன் பத்துமலை. கல்லுமலையில் லோரி ஓட்டுகிறவர், பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் யாரிடம் சிரித்தாலும், யார் வீட்டுக் கோப்பித் தண்ணி நன்றாக இருந்தது என்று சொன்னாலும் அன்றைக்கு ஒரு தேங்காய்க்குக் கேடு.

இதற்குக் காரணம் இருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலத்தில் இருளாயியின் கறிக்கு ஒரு பெயர் இருந்தது. மாரியம்மன் திருவிழா முடிந்து கிடா வெட்டும் நாளில் அண்டாவுக்குப் பக்கத்தில் அவளைத்தான் நிறுத்துவார்கள். தேங்காயைப் பிழிந்து ரெண்டாம் பாலில் கறியை வேகவிட்டு, இறக்குகிற நேரத்தில் கெட்டியான முதல் பாலை ஊற்றுவாள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து காவடிக் கூட்டத்தோடு வந்த பத்துமலை, அந்தக் கறியைத் தின்றுவிட்டு இலையை மூடாமல் உட்கார்ந்தே இருந்தாராம். ஆக்கியது யார் என்று கேட்டாராம். அடுத்த மாதமே மாமனைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்துவிட்டார்.

"என் மூஞ்சிய அவரு அப்புறம்தான் பாத்தாரு பாப்பா. மொதல்ல பாத்தது கறியத்தான்," என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். பெருமையாகத்தான் சொல்வாள். அந்தப் பெருமைக்குள்ளே ஒரு பயம் இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவர்களும் மற்றவர்களைப் போலச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஈப்போ டவுனுக்கு வந்தார்கள். மகளை லூமுட்டில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர், நடுவில் அந்தக் கறிச்சட்டி. இப்படியே போயிருக்கும். 1981-ஆம் வருஷத்து மழைக் காலத்தில் பத்துமலை லோரியை விட்டு இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நம் வழக்கப்படி வந்தார்கள். ஒருத்தர் மால்ட்டு மாவு டின், ஒருத்தர் நாட்டுக்கோழி முட்டை, இன்னொருத்தர் பிளாஸ்க்கு நிறைய ஆட்டுக்கால் சூப்பு. நெஞ்சு பலமில்லாமல் போய்விட்டது, பலம் ஏற்ற வேண்டும் என்பதுதான் எல்லாருடைய வைத்தியமும். நெய் விட்டுப் பிசைந்த சோற்றை இருளாயி ஊட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்துவிட்டார். அவர் பிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, பலம் ஏற்றுகிறோம் என்று சொல்லி ரத்தக் குழாயை அடைக்கிறீர்களே என்றாராம். தேங்காய்ப் பால், நெய், ஆட்டுக்கறி, கருவாடு நாலும் ஆகாது. உப்பு குறைய வேண்டும். கெட்டிப் பால் ஊற்றிய தேத்தண்ணி குறைய வேண்டும். கீரை, பருப்பு, தவ்கே என்கிற முளைப்பயறு, கேழ்வரகுக் கஞ்சி, பப்பாளிப் பழம் சாப்பிடலாம். மீன் என்றால் கெம்போங் என்கிற அயிலை மாதிரி மீனை எண்ணெய் இல்லாமல் ஆக்கிச் சாப்பிடலாம்.

இருளாயி வீட்டுக்கு வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள். புருஷன் பிழைத்துவிட்டான் என்ற சந்தோஷம் முகத்தில் பாதி, மீதிப் பாதி அவமானம்.

"கெம்போங்காம் லா. தோட்டத்துல நாங்க பூனைக்குப் போட்ட மீனு. தேங்காப் பாலே கூடாதுன்னுட்டாரு. அதையும் எடுத்துட்டா அவருக்கு நான் எதுக்கு, பாப்பா?"

நான் அப்போது சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

டாக்டர் சொன்னபடி ஆக்கத்தான் ஆக்கினாள். ஆனால் கோபத்தில் ஆக்கினாள். கீரையை வெறும் தண்ணீரில் அவித்தாள், மீனை வெறும் மஞ்சளில் அவித்தாள், தாளிப்பு இல்லை, புளி இல்லை. எண்ணெயைக் குறை என்றால் ருசியைக் கொல் என்றா அர்த்தம்? பத்துமலை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். உன் கையால் இதைத் தின்பதற்கு ஆஸ்பத்திரியிலேயே கிடந்திருக்கலாம் என்றார். வேறு எவளாவது இருந்தால் அழுதிருப்பாள். இருளாயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் கையிலிருந்து அவருக்குக் கறிதான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் தேங்காய் உடைத்தாள். கொஞ்சமாகத்தான் என்றாள். அந்தக் கொஞ்சம் நாளுக்கு நாள் கெட்டியாகிக்கொண்டே போனது.

இந்த நேரத்தில்தான் அவளுக்குப் பக்கத்து வீட்டு மீனாள் ஆச்சி நடுச்சுவருக்கு மேலே, நம் பேச்சில் மங்கு என்கிற குழிக் கிண்ணம் ஒன்றை நீட்டினார்.

மீனாள் ஆச்சி செட்டிநாட்டுக் குடும்பம். அவர் புருஷன் முருகப்பன் டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவருக்கும் சில வருஷங்களுக்கு முன்னால் இதே நெஞ்சு வலி வந்து, ஆச்சி தன் சமையலையே தலைகீழாக மாற்றிக்கொண்டவர். பக்கத்து வீட்டில் லோரிக்காரர் ஒருவர் அதே நோயோடு படுத்துக் கிடக்க, அங்கிருந்து தேங்காய்ப் பால் வாசனை வந்தால் அவருக்குப் பொறுக்குமா? நீலக்கரை போட்ட பீங்கான் மங்கு ஒன்றில் புளியும் மிளகும் தட்டிப் போட்ட கெம்போங் குழம்பு, பக்கத்தில் ஒரு பிடி முருங்கைக் கீரைப் பொரியல். கீரையில் தேங்காய்ப் பூவுக்குப் பதிலாகப் பாசிப்பருப்பு.

மங்கை வாங்கி வைத்த இருளாயி, பத்துமலை கண் முன்னாலேயே அதை நையாண்டி பண்ணினாள். மீனுக்குத் தலையைக் காணோம் என்றாள். முருகப்பன் செட்டியாருக்கு மீன் கண்ணைப் பார்த்தால் ஆகாதாம், அதனால் ஆச்சி தலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஆக்குவார். இருளாயி வீட்டில் என்ன மீன் வாங்கினாலும் தலை பத்துமலை தட்டுக்குத்தான் போகும். கட்டிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

பத்துமலை தின்றார். தின்று முடித்து மங்கை விரலால் வழித்தார். பிறகு அந்தச் சின்னக் குரலில், "ஆச்சி கையில என்னமோ இருக்கு," என்றார்.

அன்றைக்கு மாலை தேங்காய் உடைந்த சத்தத்தில் என் வீட்டுப் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சோறு கறி வந்த மங்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இருளாயி சீனி போடுகிற ஆளா? நண்டை உடைத்துப் போட்டு, முதல் பால் மிதக்க மிதக்கக் கறி ஆக்கி அந்த நீலக்கரை மங்கை நிரப்பி அனுப்பினாள். சமையல் என்றால் என்னவென்று அந்த அம்மா தெரிந்துகொள்ளட்டும் என்றாள். மறுபடி ஆச்சி அனுப்ப, மறுபடி இவள் நிரப்ப, சுவருக்கு மேலே மங்குகள் போவதும் வருவதுமாக இருந்தன.

பத்துமலை மங்கு வரும் நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால் போய் நிற்க ஆரம்பித்தார். ஒரு நாள் தலை சீவிக்கொண்டு போனாராம். இதை இருளாயிதான் என்னிடம் வந்து சொன்னாள். ஆச்சிக்கு அறுபது வயது இருக்கும், முட்டி வலி, மூக்குக் கண்ணாடி. அந்த அம்மாள் மேல் சந்தேகமா என்று கேட்டேன். சந்தேகம் இல்லை, எரிச்சல் என்றாள். ஒருத்தி மேல் ஆசைப்பட்டால்கூடச் சண்டை போட்டு இழுத்துக்கொண்டு வரலாம், ஒருத்தி ஆக்கிய கீரைமேல் ஆசைப்பட்டால் என்ன செய்வது என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. இருளாயி அனுப்பிய கறியை ஆச்சி கடைப் பையன்களுக்கு என்று எடுத்து வைப்பார். முருகப்பன் அடுப்படிக்குப் போய் நின்றபடியே அதைத் தின்றுவிடுவார். வருஷக்கணக்கில் புளியும் மிளகுமாகத் தின்றுவந்த மனுஷன், பாவம். ஒரு நாள் ஆச்சி பார்த்துவிட்டார். சுவரோரம் வந்து இருளாயியைக் கூப்பிட்டு, இனிமேல் மங்கைச் சும்மா கொடுங்கள், உங்கள் கறி வந்தால் அவர் என் சாப்பாட்டைத் தொட மாட்டேன் என்கிறார் என்றார். சொல்லும்போது ஆச்சியின் முகமும் சரியாக இல்லை. காரைக்குடிப் பக்கத்துக் கைப்பக்குவத்தையெல்லாம் புருஷனுக்காக மூட்டை கட்டி வைத்தவர், அந்தப் புருஷன் அடுத்த வீட்டுக் கறிக்கு அலைவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

இருளாயிக்கு அது காதில் விழவில்லை. தான் ஜெயித்துவிட்டோம் என்பதுதான் விழுந்தது. சிரித்த முகத்தோடு என் வீட்டுக்கு வந்து, செட்டியாரே நம்ம கறிக்கு அடிமை என்றாள். அடுத்து வந்த தீபாவளிக்கு ஆட்டுக்கறி ஆக்கி அனுப்பினாள், வழக்கத்தைவிடப் பெரிய மங்கில்.

தீபாவளி கழிந்த அந்த வாரத்திலேயே முருகப்பனைக் காடியின் பின் சீட்டில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர் ஒன்றும் இருளாயி கறியால் மட்டும் விழுந்தவர் இல்லை, பண்டிகை நேரத்தில் ஊரெல்லாம் சாப்பிட்டிருந்தார் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஆச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசல் படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் ஆச்சி சுவரோரம் வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"இருளாயி, இனிமே மங்கு வேணாம்மா. நீங்களும் அனுப்பாதீங்க, நானும் அனுப்பலை," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முருகப்பன் பிழைத்து வந்துவிட்டார். ஆனால் சுவருக்கு மேலே எதுவும் வரவில்லை. பத்துமலை பழையபடி இருளாயி கறியைத் தின்றார், லோரியில் ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினார். அவர் நின்று மூச்சு வாங்குவதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் ஆச்சி உட்கார்ந்ததைப் போலத் தன் வாசல் படியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அடுத்து இப்படி உட்காரப் போகிறவள் தான்தான் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது.

ஆச்சியின் நீலக்கரை மங்கு ஒன்று இவள் வீட்டிலேயே தங்கிப்போயிருந்தது. வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, நிரப்பியும் கொடுக்கக் கூடாது என்றால் அது எங்கே போகும்? அடுப்புக்கு மேலே பலகையில் கிடந்தது. இருளாயி அதை எடுத்துக் கழுவினாள்.

இங்கேதான் அவள் பொறாமை அவளுக்கு உதவியது. ஆச்சி அனுப்பிய ஒவ்வொரு மங்கிலும் பத்துமலை வழித்தது போக ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் நக்கிப் பார்த்திருக்கிறாள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற எரிச்சலில் நக்கியதுதான். ஆனால் நாக்கு மறக்கவில்லை. புளி எவ்வளவு, மிளகு வறுத்ததா பச்சையா, வெந்தயம் எப்போது, கீரைக்கு எண்ணெய் எத்தனை சொட்டு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காலையில் பாசாருக்குப் போய் நல்ல கெம்போங்காகப் பார்த்து வாங்கி வந்தாள். கோபம் இல்லாமல் ஆக்கினாள். பத்துமலை வருகிற நேரத்தில் நீலக்கரை மங்கில் ஊற்றி, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி மேசையில் வைத்தாள். ஆச்சி கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். தன் கைச் சமையல் என்று தெரிந்தால் தட்டைத் தள்ளிவிட்டுக் கறி கேட்பார் என்பது அவளுக்கு நிச்சயம்.

பத்துமலை மங்கைத் திறந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். உட்கார்ந்து சாப்பிட்டார். முடித்துவிட்டு, "ஆச்சி கை ஆச்சி கைதான் லா," என்றார்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டை நான் என்னவென்று சொல்ல. தினமும் இவள் ஆக்குவாள், தினமும் அவர் ஆச்சியைப் புகழ்வார். கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி வெங்காயம் அரிந்து போட்டால் ஆச்சிக்கு என்ன அறிவு என்பார். தவ்கேயும் பூண்டும் போட்டு வதக்கி வைத்தால் இப்படிச் சாப்பிட்டால் நூறு வயது இருக்கலாம் என்பார். முன்பெல்லாம் ஆச்சியைப் பார்த்து எரிந்தவள் இப்போது தன் கையைப் பார்த்தே எரிந்தாள். மத்தியானம் அவர் வேலைக்குத் திரும்பியதும் என் வீட்டுக்கு ஓடி வருவாள். "நான் ஆக்குறேன், பேரு அவுகளுக்கு. வாயைத் தொறந்து சொல்லவும் முடியல, பாப்பா. சொன்னா மனுசன் பழையபடி கறி கேப்பாரு." கண்ணில் தண்ணீர் நிற்கும். நான் ஒரு நாள், அப்படியானால் சொல்லிவிட்டுக் கறியே ஆக்கேன் என்று சீண்டினேன். அவள் என்னை முறைத்த முறையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

பத்துமலைக்கு வயிறு இறங்கியது. சட்டை தொளதொளத்தது. லோரியில் நிற்காமல் ஏறினார். டாக்டர் மருந்தைக் குறைத்தார். எல்லாம் ஆச்சி புண்ணியம் என்று டாக்டரிடமே சொன்னாராம். அன்றைக்குத் தேங்காய் இல்லாததால் இருளாயி வாசலில் கிடந்த ஒரு வாளியை உதைத்தாள்.

அந்தப் பொங்கல் போய் அடுத்த பொங்கலுக்கு மீனாள் ஆச்சி எங்கள் வரிசையில் எல்லாருக்கும் பொங்கல் எடுத்து வந்தார். முருகப்பன் தெளிந்துவிட்டார், மனசும் ஆறியிருந்தது. இருளாயி வீட்டு வாசலிலும் வந்து நின்று, கோபம் ஒன்றும் இல்லை என்று கையைப் பிடித்துக்கொண்டார். பத்துமலை உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் மேசையில் அந்த நீலக்கரை மங்கு.

ஆச்சி அதைப் பார்த்துவிட்டார். "அட, என் மங்கு. இத்தனை மாசமா இங்கதான் இருக்கா? எங்கன வச்சேன்னு தேடிட்டு இருந்தேன்," என்றார். வேறு ஒன்றும் நினைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இருளாயி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்தது, இனிமேல் தட்டைத் தள்ளிவிட்டுக் கறி கேட்பார், கறி கேட்டால் தன்னால் இல்லை என்று சொல்ல முடியாது, சொல்லாவிட்டால் அவர் இருக்க மாட்டார் என்று மனசு ஓடியது. பத்துமலை தலை நிமிரவில்லை. மங்கிலிருந்து மீன் தலையை எடுத்துத் தட்டில் வைத்து, நிதானமாக உறிஞ்சினார்.

"ஆச்சி மீனுல ஏது தல? மொத நாளே தெரியும் லா எனக்கு," என்றார்.

எல்லாவற்றையும் ஆச்சியைப் போல ஆக்கியவள், தலையை வெட்ட மட்டும் மறந்திருக்கிறாள். மறக்கவில்லை, கை வரவில்லை. தலை அவருக்கு என்பது கைக்குப் பழக்கம்.

தெரிந்துமா இத்தனை நாள் ஆச்சி ஆச்சி என்று புகழ்ந்தீர்கள் என்று கேட்டாள். கோபத்தில் கேட்டாளா, அழுதுகொண்டு கேட்டாளா என்று அவளுக்கே ஞாபகம் இல்லையாம்.

"புகழ்ந்தாத்தானே நீ மறுநாளு இன்னும் நல்லா ஆக்குவ. உன்னுதுன்னு தெரியும்னு சொல்லியிருந்தா, எனக்காவன்னு தேங்காய ஒடச்சிருப்ப. எனக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும், இருளாயி. நாளைலருந்து நம்ம மங்குலயே போடு."

அன்று சாயங்காலமே அவள் நீலக்கரை மங்கில் கீரையும் பருப்பும் நிரப்பிக்கொண்டு போய் ஆச்சி வீட்டில் கொடுத்தாள். திரும்பி வரும்போது என் வாசலில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னாள். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கியது. புருவம் சுருங்கியது.

"ஆனா பாப்பா, மொதல் மொதல்ல ஆச்சியே ஆக்கி அனுப்புனாங்களே, அப்பவும் வழிச்சு வழிச்சுத் தின்னுட்டுப் புகழ்ந்தாரே. அது யாருக்காக?"